பச்சைப்பிள்ளைக்கு மூச்சுத்திணறல்: மரபணுக் காரணமாக இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் ஆச்சிகளும் கேட்கிற கேள்விகள்தான் இவை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாலும் திசையன்விளையிலிருந்து வந்தாலும் கேள்வி பெரிதாக மாறுவதில்லை. அங்கே நின்றுகொண்டே அவசரமாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

பிறந்ததும் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. இது பரம்பரைக் கோளாறுதானா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். பிறக்கும்போது அந்த நீர் வடிந்து காற்றுக்கு இடம் விட வேண்டும். சில பிள்ளைகளுக்கு, அதிலும் வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்து எடுத்த பிள்ளைகளுக்கு, நீர் வடியத் தாமதமாகும். ஒன்றிரண்டு நாள் வேகமாக மூச்சு வாங்கி, மூன்றாம் நாளுக்குள் தானாகவே சரியாகிவிடும். குறைமாதப் பிள்ளை என்றால் நுரையீரல் இன்னும் முதிரவில்லை. பனிக்குடத்திலேயே மலம் கழித்து அதை உள்ளே இழுத்த பிள்ளை, கிருமித் தொற்று வந்த பிள்ளை, பிறக்கும்போது அழத் தாமதித்த பிள்ளை என்று வார்டில் மூச்சுக்காகச் சேர்க்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். மரபணுக் காரணம் இதெல்லாம் போக மிஞ்சுகிற சிலருக்குத்தான்.

எது சாதாரண மூச்சு, எதற்கு ஓட வேண்டும்?

பச்சைப்பிள்ளை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். நம்மைப்போல ஒரே சீராக விடாது. நாலு மூச்சு வேகமாக, அப்புறம் ஐந்து பத்து விநாடி சும்மா, மறுபடி வேகமாக விடுவது சாதாரணம்தான்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுப்பது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, 20 விநாடி மூச்சே இல்லாமல் கிடப்பது, உதடும் நாக்கும் நீலமாவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கையும் காலும் மட்டும் கொஞ்சம் நீலமாக இருப்பது முதல் ஒன்றிரண்டு நாளில் சகஜம். நாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

மூச்சு வாங்குகிற பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பது, சீனித்தண்ணி ஊற்றுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, ‘கணை’ என்று மருந்து உரசிக் கொடுப்பது எதுவும் வேண்டாம். உள்ளே போகிற ஒரு சொட்டும் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். 108-ஐ அழைக்கும்போது பச்சைப்பிள்ளை, மூச்சுத்திணறல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்கான வசதி உள்ள வண்டி பக்கத்தில் இருந்தால் அதையே அனுப்பக்கூடும்.

மரபணுக் காரணமாக இருக்கலாம் என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நிறைமாதத்தில், நல்ல எடையில் பிறந்த பிள்ளை. கிருமி இல்லை, மலம் உள்ளே போகவில்லை. ஆனாலும் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு மோசமாகி, வென்டிலேட்டரில் வைத்து, ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. இதுதான் எங்களை முதலில் உறுத்துகிற படம். குறைமாதப் பிள்ளைக்கு வருகிற நோய் நிறைமாதப் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று கேட்க வேண்டிய இடம் அது.

இன்னொன்று, வீட்டில் முன்பே இதேபோல் ஒரு பிள்ளை போயிருப்பது. இதைக் கேட்டு வாங்குவது லேசில்லை. “இது எத்தனாவது பிள்ளை?” என்றால் “ரெண்டாவது” என்பார்கள். பேர் வைப்பதற்கு முன் மூன்றாம் நாளில் போன பிள்ளையைக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் நம்மூரில் இல்லை. ஆச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் வரும்: “ஆமா, அதுக்கு முன்னால ஒண்ணு தங்கலை.” எங்களுக்கு அந்த ஒரு வரி பத்து ஸ்கேனுக்குச் சமம்.

பிள்ளை துணிபோலத் துவண்டு கிடப்பது, முகத்திலோ தாடையிலோ காதிலோ வித்தியாசம், இதயம் வலப்பக்கம் இருப்பது, தூங்கும்போது மட்டும் மூச்சு குறைவது போன்றவையும் துப்புகள்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரு நோயும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒரு குளத்துக்கு இரண்டு மடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடை அடைத்துப் போனாலும் மற்றதில் தண்ணீர் பாயும், வயல் காயாது. அடைப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. நம் மரபணுக்களும் பெரும்பாலும் இப்படி இரண்டிரண்டாகத்தான் இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று கெட்டிருந்தும் சுகமாக இருப்பவர்களைக் ‘கடத்துநர்’ என்கிறோம். சொல் கொஞ்சம் கடத்தல்காரர் மாதிரி கேட்கிறது, மன்னிக்கவும். வேறு நல்ல சொல் புழக்கத்தில் இல்லை. நான், நீங்கள், எல்லோருமே ஏதோ சில மரபணுக்களில் கடத்துநர்கள்தான்.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மரபணுவில் ஒரு மடை அடைத்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இரண்டு மடையும் அடைத்துப்போகிற வாய்ப்பு 25 சதவீதம். இதில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. “நாலில் ஒண்ணுன்னு சொன்னீங்க, ஒண்ணு போயிட்டு, இனி மூணும் நல்லா இருக்கும்” என்பார்கள். அப்படி இல்லை. பூவா தலையா போட்டால் முதல் தடவை பூ விழுந்தது காசுக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த பிள்ளைக்கும் அதே 25 தான்.

வேறு சில நோய்களில் ஒரு மடை மட்டும் கெட்டாலே போதும். அடைத்த மடையாக இல்லாமல் உடைந்த மடையாக இருந்தால் மற்ற மடை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, வயல் மூழ்கத்தான் செய்யும். இந்த வகைக் கோளாறு பல நேரம் தாயிடமும் இருக்காது, தகப்பனிடமும் இருக்காது. கரு உருவாகும்போது மரபணு வாசகத்தில் புதிதாக நேர்கிற எழுத்துப்பிழை அது.

அத்தை மகனைத்தான் கட்டினேன். அதனாலா?

அதனால்தான் என்று சொல்ல முடியாது, அதற்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கும் கூடுதலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தை மகன் – மாமன் மகள் ஜோடிக்கு மரபணுக்களில் சராசரியாக 8-இல் ஒரு பங்கு பொது. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனுக்கும் அவளுக்கும் 4-இல் ஒரு பங்கு பொது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே அடைப்பு இருவரிடமும் இருக்கிற வாய்ப்பு அதனால் கூடுகிறது. எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையுடன் பிள்ளை பிறக்க ஏறக்குறைய 2 முதல் 3 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் கட்டினால் அது சுமார் இரண்டு மடங்காகும். அப்போதும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நல்ல பிள்ளைகள்தான்.

கல்யாணம் முடிந்து பிள்ளையும் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது “சொந்தத்தில் ஏன் கட்டினீர்கள்?” என்று கேட்கிற டாக்டர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கேள்வியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. “எந்த வகைச் சொந்தம்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் உபயோகம்.

நாங்கள் சொந்தமே இல்லை. அப்படியானால் பயமில்லையா?

சொந்தமில்லை என்றாலும் ஒரே சாதி, பக்கத்துப் பக்கத்து ஊர், பத்துப் பன்னிரண்டு தலைமுறையாக அதற்குள்ளேயே கொண்டு கொடுத்திருக்கிறார்கள் என்றால், கல்யாணப் பத்திரிகையில் எழுதாத சொந்தம் ஒன்று அங்கே இருக்கிறது. தென்னிந்தியாவில் ஒரு வணிகச் சமூகத்தில் மயக்கமருந்து டாக்டர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். அறுவைக்குமுன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்து சில நிமிடத்தில் உடம்பில் கரைந்துவிட வேண்டும். அந்தச் சமூகத்தில் சிலருக்கு அதைக் கரைக்கிற நொதி இல்லாததால் மணிக்கணக்கில் சொந்தமாக மூச்சுவிட முடியாமல் போகிறது. காரணம் ஒரு பழைய எழுத்துப்பிழை. அதைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். இது பச்சைப்பிள்ளை நோய் இல்லை, உதாரணத்துக்குச் சொன்னேன்.

நிறைமாதப் பிள்ளைக்கு ‘சர்ஃபாக்டன்ட் குறை’ என்கிறார்கள். என்ன அது?

நனைந்த பாலித்தீன் பை உள்ளே ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்! நுரையீரலின் காற்றுப்பைகளும் உள்ளே ஈரமானவைதான். ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வழவழப்பான ஒரு பூச்சு வேண்டும். அதுதான் சர்ஃபாக்டன்ட். பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, ஒரு பங்கு புரதம். கர்ப்பத்தின் 24-ஆம் வாரம் வாக்கில் உருவாகத் தொடங்கி, 35 வாரத்தில்தான் போதுமான அளவு சேரும். அதனால்தான் குறைமாதப் பிள்ளைகளுக்கு அதை மூச்சுக்குழாய்வழி மருந்தாகக் கொடுக்கிறோம். பிள்ளையின் சொந்த நுரையீரல் முதிரும்வரை அது தாங்கும்.

மரபணுக் கோளாறில் கதை வேறு. அந்தப் புரதங்களில் ‘பி’ என்று ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் பூச்சு பரவாது. இந்தக் குறைபாட்டை மருத்துவ உலகம் முதலில் அடையாளம் கண்டது 1993-இல். கொழுப்பைச் சேமிப்பு அறைக்கு ஏற்றிச் செல்கிற ஏ.பி.சி.ஏ.3 என்ற இன்னொரு புரதம் கெட்டாலும் இதே கதிதான். செக்கில் எண்ணெய் ஆட்டியாயிற்று, கடைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை என்பதுபோல. இந்த மரபணுவைப் பச்சைப்பிள்ளை நோயோடு சேர்த்துப் பார்த்தது 2004-இல். இரண்டும் இரண்டு மடையும் அடைத்தால் வருகிறவை. மருந்து கொடுத்தால் பிள்ளை சில மணி நேரம் தேறும், ஆக்சிஜன் குறையும், வெளியே சொல்லச் சந்தோஷமாகப் போவோம். அப்புறம் மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

‘பி’ புரதம் முழுக்க இல்லாத பிள்ளைகள் நுரையீரல் மாற்று அறுவை இல்லாமல் சில மாதங்களுக்குமேல் தங்குவதில்லை. பச்சைப்பிள்ளைக்கு அந்த அறுவை உலகத்திலேயே மிகச் சில இடங்களில்தான் நடக்கிறது. ஏ.பி.சி.ஏ.3-இல் லேசான வகைகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் நாள்பட்ட நுரையீரல் நோயோடு வளர்வார்கள். ‘சி’ புரதக் கோளாறு உடைந்த மடை வகை. அது பச்சைப்பிள்ளையிலும் வரலாம், ஐம்பது வயதிலும் வரலாம். மூச்சோடு தைராய்டு குறைவும், கைகால் தானாக ஆடுவதும் சேர்ந்து இருந்தால் என்.கே.எக்ஸ்.2-1 என்ற மரபணுவைப் பார்க்கச் சொல்வோம். இப்படிப்பட்ட வீட்டில் வேறு யாருக்காவது தைராய்டு குறைவு இருக்கிறதா என்றும் கேட்பது உண்டு.

நுரையீரல் ரத்தக்குழாய்களே சரியாக உருவாகவில்லை என்றார்கள். அப்படியும் உண்டா?

உண்டு, அரிது. காற்றுப்பையை ஒட்டி ஓட வேண்டிய நுண்குழாய்கள் தள்ளி ஓடுகின்றன. ஆகவே காற்று உள்ளே போனாலும் ரத்தத்தில் சேராது. நுரையீரல் ரத்தக்குழாய்களை விரிக்கக் கொடுக்கிற நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் நின்று பிடிக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஃபாக்ஸ்எஃப்1 என்ற மரபணுவிலோ அதன் பக்கத்துப் பகுதியிலோ புதிதாக நேர்ந்த பிழைதான் காரணம். குடல் சுழன்றிருப்பதும் கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு இன்றைக்கு மருந்து இல்லை. பெற்றோரிடம் அதே பிழை இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அந்தச் செய்தி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முழித்திருக்கும்போது நன்றாக இருக்கிறது. தூங்கினால் மூச்சு நின்றுபோகிறது. ஏன்?

நுரையீரலிலும் தசையிலும் குறை இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் “மூச்சு விடு” என்று மூளைத்தண்டு கட்டளை போட வேண்டும். தூக்கத்தில் அந்தக் கட்டளை வருவதில்லை. காரணமான மரபணு பி.எச்.ஓ.எக்ஸ்.2பி, 2003-இல் தெரியவந்தது. அதில் ஒரே எழுத்துக்கூட்டு 20 தடவை வர வேண்டிய இடத்தில் 24 முதல் 33 தடவை வந்துவிடுகிறது. எண்ணிக்கை கூடக்கூட நோய் கடுமை. சில பிள்ளைகளுக்குக் குடலில் நரம்பு இல்லாமல் மலம் போவதும் தடைப்படும்.

தூங்கும்போதெல்லாம் மூச்சுக்கருவியோடு இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், படித்து, பெரியவர்கள் ஆகிறார்கள். வீட்டில் கருவி, மின்சாரம் போனால் தாங்க பேட்டரி, ராத்திரி விழித்துப் பார்க்க ஆள், இதுதான் பாடு. பெரும்பாலும் புதுப் பிழை என்றாலும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். சில பெற்றோரின் உடம்பில் ஒரு பகுதி அணுக்களில் மட்டும் அந்தப் பிழை ஒளிந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து மூக்கடைப்பு, சளி. எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. நாற்றங்கால் காற்றில் அசைவதுபோல் ஒரே பக்கமாக அசைந்து சளியை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. அவை அசையாவிட்டால் நீரும் சளியும் உள்ளேயே தங்கும். கருவாக இருக்கும்போது எது இடம், எது வலம் என்று தீர்மானிப்பதும் இதே இழைகள்தான். அவை ஓடாதபோது இதயம் எந்தப் பக்கம் போகும் என்பது குருட்டாம்போக்காகிவிடுகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எல்லாமே இடம் மாறியிருக்கும்.

50-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது கெட்டாலும் இது வரலாம். நிறைமாதப் பிள்ளை, பிறந்து அரைநாள் ஒருநாள் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்து, பல நாள் ஆக்சிஜன் கேட்கும். உயிருக்கு உடனடி ஆபத்து பெரும்பாலும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்துச் சளியைத் தினமும் எடுத்துவந்தால் நுரையீரல் கெடாமல் காக்கலாம். “சளிதானே” என்று பத்து வயதுவரை இருமல் மருந்திலேயே ஓட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பிள்ளை கைகாலை அசைப்பதே இல்லை, வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால்?

முதுகெலும்புத் தசைச்சிதைவு, அதாவது எஸ்.எம்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம் தெளிவாக இருக்கும், கண் ஆளைத் தேடும், சிரிப்புகூட வரும். ஆனால் கால் தவளைபோல் விரிந்து கிடக்கும். மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பி நெஞ்சு உள்ளே போகும். நாக்கைக் கவனித்தால் மெல்லிய துடிப்பு தெரியும். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும், கடுமையானது பிறக்கும்போதே தெரியும். சுமார் 10,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஏறக்குறைய 40–50 பேரில் ஒருவர் கடத்துநர். ஆகவே சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வரும். சோதனை எளிது, எஸ்.எம்.என்.1 என்ற ஒரே மரபணுவைப் பார்த்தால் 95 சதவீதம் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

செய்தித்தாளில் ‘16 கோடி ரூபாய் ஊசி’ என்று வருவது இந்த நோய்க்கான மருந்துதான். தினமும் வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்ற மருந்தும் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் நரம்பணுக்கள் போவதற்குமுன் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆகவே “கொஞ்ச நாள் பார்ப்போம்” என்பது இங்கே செல்லாது.

தசை நோய்கள் வேறும் உண்டு. இதயம் பெரிதாகித் தசை தளர்ந்தால் பாம்பே நோய். மும்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்டுபிடித்த டாக்டரின் பெயர் அது. குறைந்த நொதியை ஊசியாகக் கொடுக்க வழி இருக்கிறது. துவண்ட பிள்ளையைப் பார்க்கும்போது அம்மாவோடு கைகுலுக்குவது எங்கள் பழக்கம். பிடித்த கையை அவரால் சட்டென்று விட முடியவில்லையென்றால், அவருக்கே தெரியாமல் லேசாக இருக்கிற ஒரு தசை நோய் பிள்ளைக்குக் கடுமையாக வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவோம்.

எக்ஸ்ரே சுத்தம் என்கிறார்கள், ஆனால் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்குகிறது.

இதைத் தயவுசெய்து அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே நேரத்தில் பிடித்தால் பிள்ளை பிழைக்கும். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, மூன்றாம் நாள் மந்தமாகி, பால் மறுத்து, ஆழமாக வேகமாக மூச்சுவிட்டால் கிருமித்தொற்று என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம். நினைக்கவும் வேண்டும். ஆனால் பாலில் உள்ள புரதத்தைச் செரித்து முடிக்கிற நொதிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் இதே படம்தான். ரத்தத்தில் அமிலமோ அம்மோனியாவோ ஏறுகிறது, உடம்பு மூச்சைக் கூட்டுகிறது. ரத்தவாயு, அம்மோனியா, லாக்டேட் மூன்றையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். அம்மோனியா ரத்தத்தை ஐசில் வைத்து உடனே ஓட்ட வேண்டும், தாமதித்தால் பொய்க்கணக்கு காட்டும். புரதத்தை ஒன்றிரண்டு நாள் மட்டும் நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றுவதிலேயே பாதி வைத்தியம் நடந்துவிடும். பயோடினிடேஸ் குறைவுக்குத் தினம் பயோடின் என்ற வைட்டமின் போதும், விலை அதிகமில்லை.

மூக்கு, தாடை, இதயம், உதரவிதானம் பற்றி?

சுருக்கமாகச் சொல்கிறேன். அமைதியாக இருந்தால் நீலம், அழுதால் சிவப்பு என்றால் மூக்கின் பின்வழி அடைத்திருக்கலாம். பச்சைப்பிள்ளைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது. அழும்போது மட்டும்தான் வாய் திறக்கிறது. அழுதால் நீலம் கூடுகிறது என்றால் இதயத்தைப் பாருங்கள். தாடை சின்னதாக இருந்தால் நாக்கு பின்னால் விழும், குப்புறப் படுக்கவைத்துக் கண்காணிப்போம் (ஆஸ்பத்திரியில் மட்டும்). டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் நெஞ்சுக்குள் ஏறுவது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் பல நேரம் தெரியும்.

என்ன சோதனை, எவ்வளவு ரத்தம், எவ்வளவு நாள்?

இரண்டு மூன்று மில்லி ரத்தம், ஊதா மூடி உள்ள குழாயில். ஐஸ்கூட வேண்டாம், கூரியரில் சென்னைக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ போய்விடும். குரோமோசோமில் பெரிய துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மைக்ரோஅரே. எழுத்துப்பிழையைத் தேட எக்ஸோம், அதாவது புரதம் செய்கிற எல்லா மரபணுக்களையும் ஒரே தடவையில் படிப்பது. அவசர வகையில் ஒன்றிரண்டு வாரம், சாதாரணமாக ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். செலவு சில பத்தாயிரம் ரூபாய். முடிந்தால் தாய் தகப்பன் ரத்தத்தையும் கூடவே அனுப்புங்கள், விடை தெளிவாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த ஆஸ்பத்திரியில் இப்படி ரத்தம் எடுத்து வைக்கிற பழக்கமே இல்லை. ‘கடும் மூச்சுத்திணறல்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். இரண்டு வருடம் கழித்து அதே தம்பதி அதேபோல இன்னொரு நிறைமாதப் பிள்ளையோடு வருவார்கள், எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. இப்போது பிள்ளை மோசமாக இருக்கிறது என்றால் நானே முதலில் அந்தக் குழாயை நிரப்பி வைத்துவிடுகிறேன். சோதனைக்குப் பணம் இன்றைக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, டி.என்.ஏ.வை எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லலாம். ஒருவேளை உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: “பிள்ளை ரத்தம் கொஞ்சம் எடுத்து வைப்பீங்களா?” இதைக் கேட்பதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று வந்திருக்கிறது.

ஊரில் புது ஆள் நடமாட்டம் தெரிகிறது, திருடனா விருந்தாளியா என்று இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவு கூடவே கூடாது. பெற்றோரிடம் அது இருக்கிறதா என்று பார்த்தால் பாதி தெளியும். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி அலசச் சொல்லுங்கள். புதிய விவரங்கள் சேர்ந்து பெயர் மாறுவது உண்டு.

அரசு உதவி கிடைக்குமா?

2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ், பட்டியலில் உள்ள நோய்களுக்கு, அங்கீகரித்த உயர்சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. நம் பக்கத்திலிருந்து போக வசதியான மையம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. வார்டு சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவு இலவசம்தான். தனியாரில் கையிருப்பு கரைந்தபின் அங்கே மாற்றுவதைவிட, முதல் நாளே யோசிப்பது நல்லது.

கிரகணத்தன்று வெளியே போனேன். என் ராசிதான் என்று மயினி சொல்கிறாள்.

கிரகணத்துக்கும் மரபணுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொடி சுற்றியதும், பப்பாளி சாப்பிட்டதும், வேலைக்குப் போனதும் இந்த நோய்களைக் கொண்டுவருவதில்லை. இரண்டு மடை அடைத்த நோயில் ஒன்று தகப்பன் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். இதைப் படம் போட்டு மாமியார் முன்னாலேயே விளக்குவேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்த பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

முதல் பிள்ளையின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால் நிறையச் செய்யலாம். 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடித் துணுக்கு, அல்லது 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர் எடுத்து, அதே பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டி வந்தால், 2021-இல் திருத்திய சட்டம் 24 வாரத்துக்கு அப்புறமும் கடும் குறைகளுக்கு மருத்துவக் குழு வழியாக இடம் தருகிறது. வேண்டாம், பெற்றுக்கொள்கிறோம் என்பதும் உங்கள் உரிமை. அப்போது எந்த ஆஸ்பத்திரியில் பெறுவது என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.

மூன்று தலைமுறைக் குடும்பப் படம் ஒன்று வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பங்காளிகள் எல்லாம் கூடுவார்கள் அல்லவா, அதைவிட நல்ல இடம் இல்லை. கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாளில் கேட்கலாம். யாருக்குப் பிள்ளை தங்கவில்லை, எத்தனாவது நாளில், ஆணா பெண்ணா, அவர்கள் யாரைக் கட்டியிருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பிள்ளை போய்விட்டது. அப்போது யாரும் ரத்தம் எடுத்து வைக்கவில்லை. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. பிள்ளையின் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தத்தைத் தாளில் பிடித்திருந்தால், அந்தத் தாள் ஆய்வகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ந்த ரத்தப்பொட்டு போதும். திசு எடுத்துச் சோதித்திருந்தால் அதைப் பதித்து வைத்த மெழுகுக்கட்டி நோயியல் துறையில் இருக்கும். எதுவும் இல்லையென்றால் தாய் தகப்பன் இருவருக்கும் எக்ஸோம் பார்த்து, இருவரிடமும் ஒரே மரபணுவில் அடைப்பு இருக்கிறதா என்று தேடலாம். புதுப் பிழைகள் இதில் அகப்படாது, இரண்டு மடை நோய்கள் பல நேரம் அகப்படும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை ஒன்றிரண்டு வாரமாவது இருந்து தொப்புள்கொடி விழுந்திருந்தால், வீட்டில் ஆச்சியிடம் கேளுங்கள். விழுந்த கொடியைக் காயவைத்துத் தாயத்துக்குள் போட்டுப் பத்திரப்படுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே! காய்ந்த கொடியிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியும். எல்லாத் தடவையும் நல்ல நிலையில் கிடைக்காது, ஆனால் முயன்று பார்க்கலாம். தாயத்தை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஒரு காகித உறையில் அப்படியே போட்டு, பிள்ளை பிறந்த தேதியை மேலே எழுதி எடுத்து வாருங்கள்.